கடன் அற்ற இல்லம்

மகாபாரதத்தின் வனபர்வத்தில் யட்சன் தருமபுத்திரரிடம் கேட்ட கேள்விகள் பலருக்கும் தெரிந்தவை. அவற்றுள் ஒன்று, உலகில் மகிழ்ச்சியோடு இருப்பவன் யார் என்பது. தடாகத்து நீரைப் பருகி உயிரற்றுக் கிடக்கும் நான்கு தம்பியர் கண்முன்னே. நாடும் நகரமும் இழந்து காட்டில் நிற்கும் நிலை. அந்நேரத்தில் தருமபுத்திரர் சொன்ன விடையில் அரியணைக்கோ பொன்னுக்கோ இடம் கிடைக்கவில்லை. கடன்படாதவனாக, பிழைப்புக்காக அயலூரில் அலையாதவனாக, தன் வீட்டில் எளிய கீரையைச் சமைத்து உண்பவனையே மகிழ்ச்சி உடையவன் என்றார் அவர்.

இவ்விடையைப் பெங்களூரில் வாழும் தமிழ் இல்லறத்தாருக்குப் பொருத்திப் பார்த்தால் சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கும். சேலத்தையோ கும்பகோணத்தையோ திருநெல்வேலியையோ விட்டுப் பிழைப்புக்காக வந்தாயிற்று. வந்த ஊரில் தங்குவதற்கு இருபது ஆண்டுக் கடனும் வாங்கியாயிற்று. இரண்டு நிபந்தனைகளிலும் தேறாதவர்கள் அங்கே ஏராளம்.

ஆயினும் நமது சாத்திரங்கள் கடனை ஒரு பாவமாகக் கருதியதில்லை. மனிதன் பிறக்கும்போதே தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் முன்னோர்க்கும் கடன்பட்டுப் பிறக்கிறான் என்று வேதமே கூறுகிறது. தமிழிலோ கடன் என்ற ஒரே சொல் வாங்கிய பணத்தையும் குறிக்கிறது, செய்ய வேண்டிய கடமையையும் குறிக்கிறது. காலைக்கடன், நன்றிக்கடன், ஈமக்கடன் எல்லாம் அவ்வாறு வந்தவையே. திருமலையில் கோயில் கொண்ட பெருமானே திருமணச் செலவுக்காகக் குபேரனிடம் கடன்பட்டார் என்பது தலபுராண மரபு. “பெருமாளுக்கே கடன் இருக்கிறது, நமக்கென்ன?” என்று சிலர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பெருமான் பத்திரம் எழுதிக் கொடுத்து, சாட்சி வைத்து, எல்லோரும் அறியக் கடன் வாங்கினார் என்பதை அவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஊரறிந்த கடன் அது. இல்லறத்தாரை அரித்துத் தின்பது ஊரறியாத கடன். சில வேளைகளில் வீட்டில் இருப்பவர்களே அறியாத கடன்.

765 ரூபாய்

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். கணவர் தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறார். 2021ஆம் ஆண்டில், அவருக்கு 45 வயதாக இருக்கும்போது, சர்ஜாப்பூர் சாலையை ஒட்டிய ஓர் அடுக்ககத்தில் மூன்று படுக்கையறை கொண்ட ஃபிளாட் வாங்குகிறார். 50 லட்சம் ரூபாய் வங்கிக் கடன், 7 சதவீத வட்டி, 20 ஆண்டுகள். மாதத் தவணை 38,765 ரூபாய். சம்பளத்திற்குள் அடங்கும் தொகைதான். 65 வயதில் கடன் தீர்ந்துவிடும் என்பது கணக்கு. மூன்றாவது அறை ஊரிலிருந்து வந்த தாயாருக்கு. மகள் பள்ளியில் படிக்கிறாள்.

2019 அக்டோபர் முதல், வங்கிகள் புதிதாக வழங்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ரெப்போ விகிதம் போன்ற வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருந்தது. வட்டி குறையும்போது கடன் வாங்கியவருக்கு உடனே நன்மை கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஏறும்போதும் அதே வேகத்தில் ஏறும் என்பதை அன்று நினைத்தவர்கள் குறைவு. 2022 மே மாதத்திற்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையே ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்ந்தது. 7 சதவீதத்தில் வாங்கிய கடன் ஒன்பதரைக்கு வந்துவிட்டது.

ஆனால் அந்த வீட்டில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. தவணை அதே 38,765 ரூபாய்தான். வங்கி தவணையை உயர்த்துவதற்குப் பதிலாகக் கடனின் காலத்தை நீட்டியது. அக்காலத்தில் பரவலாகக் கடைப்பிடிக்கப்பட்ட வழக்கம் இது. தோராயமாக 48 லட்சம் ரூபாய் அசல் பாக்கி நிற்கும்போது, ஒன்பதரை சதவீத வட்டி மாதத்திற்கு 38,000 ரூபாய். கட்டும் தவணையில் அசலுக்குப் போவது வெறும் 765 ரூபாய். வட்டி அதே அளவில் நிலைத்தால் அந்தக் கடன் தீர இன்னும் நாற்பத்தோரு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கணவர் அதற்குள் தொண்ணூறை நெருங்கியிருப்பார். உண்மையில் எந்த வங்கியும் அத்தனை காலம் விட்டுவைக்காது. பின்னால் ஒருநாள் தவணை திடீரென ஏறும். இவை எல்லாம் மாதந்தோறும் செல்லிடப்பேசியில் “தவணை பெறப்பட்டது, நன்றி” என்ற செய்தி வந்துகொண்டிருக்கும்போதே நிகழ்பவை.

இத்தகைய நீட்டிப்பைக் கடனாளியிடம் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும், தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, ஒரு பகுதியை முன்கூட்டியே அடைப்பதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை அவருக்கு அளிக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2025ஆம் ஆண்டில் ரெப்போ விகிதமும் படிப்படியாக இறங்கியது. எனினும் இடைப்பட்ட ஆண்டுகளில் கட்டிய தவணைகளில் பெரும்பகுதி வட்டியிலேயே கரைந்துபோயிற்று.

இதற்கிடையில் வீட்டு வாசற்படிக்குள் வேறு கடன்களும் வந்திருக்கும். மகளின் பயிற்சி வகுப்புக்காக நகைக் கடன். தாயாரின் கண் அறுவைச் சிகிச்சையின்போது கிரெடிட் கார்டில் ஏறிய தொகை. அதை அடைக்க வீட்டுக் கடன் மீதே ஒரு டாப் அப். இவற்றில் எதுவும் ஆடம்பரம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் உண்டு. கடன் பெரும்பாலும் நியாயமான காரணங்களின் வழியாகத்தான் நுழைகிறது.

மாற்றுவதும் தீர்ப்பதும்

இந்நிலையில் முதலில் தோன்றும் எண்ணம், கடனை வட்டி குறைந்த வேறொரு வங்கிக்கு மாற்றிவிடலாம் என்பது. இது தவறான எண்ணம் இல்லை. தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கிகள் அபராதம் வசூலிக்கக் கூடாது என்று 2012 ஜூன் மாதத்திலேயே ரிசர்வ் வங்கி தடை செய்துவிட்டது. ஆகவே மாற்றுவதற்கு வழி திறந்தே இருக்கிறது. பழைய முறையில் வட்டி கணக்கிடப்படும் கடனாயின், வெளியே செல்லுமுன் சொந்த வங்கியிடமே புதிய முறைக்கு மாற்றித் தருமாறு கேட்கலாம். ஒரு சிறு கட்டணத்தோடு அது முடிந்துவிடுவதும் உண்டு. கேட்பதற்குக் கூச்சப்பட்டே பலர் ஆண்டுக்கணக்கில் கூடுதல் வட்டி கட்டுகிறார்கள்.

இருப்பினும் இங்கே ஒரு நுட்பமான வழுக்கல் இருக்கிறது. ஒருவருக்கு 40 லட்சம் ரூபாய் பாக்கி, 15 ஆண்டுகள் மீதம், வட்டி 9 சதவீதம் என்று கொள்வோம். தவணை 40,571 ரூபாய். எட்டரை சதவீதத்தில் மற்றொரு வங்கி தர முன்வருகிறது. அதே 15 ஆண்டுகளுக்கு எடுத்தால் தவணை 39,389 ரூபாய்; மாதம் 1,182 ரூபாய் மிச்சம். பிராசஸிங் கட்டணம், வழக்கறிஞர் கருத்துரை, சொத்து மதிப்பீடு, பத்திரங்களை ஈடாக ஒப்படைப்பதற்கான முத்திரைத் தீர்வை ஆகியவற்றைக் கழித்தாலும் லாபம்தான்.

ஆனால் புதிய வங்கியின் அலுவலர், “இருபது ஆண்டுகளாகப் போட்டுக்கொள்ளுங்கள் சார், தவணை இன்னும் இலகுவாக இருக்கும்” என்பார். தவணை 34,713 ரூபாயாக இறங்கும். மாதம் கிட்டத்தட்ட 6,000 ரூபாய் கையில் நிற்கும். வீட்டில் அன்று இனிப்புகூடச் செய்வார்கள். பழைய கடனில் மொத்தம் கட்ட வேண்டியிருந்தது ஏறத்தாழ 73 லட்சம் ரூபாய். புதிய கடனில் கட்டப்போவது 83 லட்சத்திற்கு மேல். வட்டி விகிதம் குறைந்தது, தவணை குறைந்தது, கடனோ பத்து லட்சம் ரூபாய் கூடிவிட்டது.

சுமையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றுகிறவனுக்கும் கணநேரம் சுகமாகத்தான் இருக்கும். மனம் இந்த வித்தையைப் பணத்தில் மட்டும் செய்வதில்லை. ஜபத்தில் மனம் ஒன்றவில்லை என்றால் மந்திரத்தை மாற்றலாமா, குருவை மாற்றலாமா, இடத்தை மாற்றலாமா என்று கேட்கிறது. மாற்றத்தால் கிடைக்கும் புத்துணர்ச்சியைச் சாதனையின் பலன் என்று எண்ணிக்கொள்கிறது. கடனை மாற்றுகிறவர் பழைய தவணையையே தொடர்ந்து கட்ட முன்வந்தால்தான் அந்த மாற்றத்திற்குப் பொருள் உண்டு.

எதை முதலில் அடைப்பது என்பதிலும் இதே மயக்கம். கிரெடிட் கார்டு பாக்கிக்கு வட்டி மாதத்திற்கே 3 சதவீதத்திற்கு மேல் போகிறது. அதை ஓரமாக வைத்துவிட்டு, போனஸ் தொகையை வீட்டுக் கடனில் கட்டிப் பெருமிதம் கொள்பவர்கள் உண்டு. பெரிய எண் அச்சுறுத்துகிறது. சிறிய எண் கண்ணில் படுவதில்லை. வட்டி அதிகமான சிறு கடனை முதலில் தீர்ப்பதே விவேகம்.

மகரிஷியின் வீடு

இளைஞர் நரேந்திரர் கங்கையில் படகில் தங்கியிருந்த மகரிஷி தேவேந்திரநாத் தாகூரைத் தேடிச் சென்று, “இறைவனைக் கண்டிருக்கிறீர்களா?” என்று கேட்ட நிகழ்ச்சி அன்பர்கள் அறிந்ததே. அந்த மகரிஷியின் இளமைக் காலம் அத்தனை பேருக்குத் தெரிவதில்லை. அவரது தந்தை துவாரகநாத் தாகூர் அந்நாளைய கல்கத்தாவின் பெரும் செல்வர். வள்ளல் என்று பெயர் பெற்றவர். 1846இல் அவர் லண்டனில் காலமானார். அவர் நிறுவிய கார் தாகூர் கம்பெனி 1848இல் நொடித்துப்போயிற்று. கொடுக்க வேண்டியது ஒரு கோடி ரூபாய். வர வேண்டியது எழுபது லட்சம். முப்பது லட்சத்திற்கு வழியில்லை. அந்நாளில் முப்பது லட்சம் ரூபாய் எத்தகைய தொகை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தேவேந்திரநாதருக்கு அப்போது வயது முப்பது.

சட்டப்படி அவருக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. துவாரகநாதர் முன்னெச்சரிக்கையாகச் சில ஜமீன்களைப் பிள்ளைகளின் பெயரில் அறக்கட்டளைச் சொத்தாக எழுதி வைத்திருந்தார். கடன் கொடுத்தவர்கள் அவற்றைத் தொட முடியாது. கடன்காரர்களின் கூட்டத்தில் நிறுவனத்தின் மேலாளர் கணக்கைப் படித்து, அந்தச் சொத்தின் மீது உரிமை கோர இயலாது என்றும் விளக்கினார். அவ்வளவில் தேவேந்திரநாதர் நிறுத்தியிருந்தால் உலகம் அவரைக் குறை கூறியிருக்காது. அவரோ தம்பி கிரீந்திரநாதரோடு கலந்துகொண்டு, தந்தையின் கடன் தீரும்வரை அந்தச் சொத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார். பணம் போயிற்றே என்று கோபத்தோடு வந்திருந்தவர்களின் கண்கள் கலங்கின. சொத்துகளின் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்ட அவர்கள், குடும்பச் செலவுக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் தருவதாகத் தாங்களே முன்வந்து ஒப்புக்கொண்டனர். பின்னர் நிர்வாகத்தைச் சகோதரர்களிடமே ஒப்படைத்துவிட்டனர். உண்மையைக் கேட்டபின் அவர்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அதன்பின் ஜோராசாங்கோ வீட்டில் நடந்ததுதான் இல்லறத்தார் கவனிக்க வேண்டிய பகுதி. பணியாட்கள் குறைக்கப்பட்டார்கள். வண்டிகளும் குதிரைகளும் ஏலத்திற்குப் போயின. உணவும் உடையும் எளிமையாயின. துவாரகநாதர் விருந்துகளால் புகழ்பெற்றிருந்த பெல்காச்சியா தோட்ட மாளிகையும் பின்னாளில் கைமாறிற்று. நேற்றுவரை அந்த வண்டிகளைப் பார்த்து வணங்கியவர்கள் தெருவில் நின்று பார்த்திருப்பார்கள். தேவேந்திரநாதர் தமது சுயசரிதத்தில் இந்நாட்களை எழுதும் பாங்கு வியப்பளிக்கிறது. புலம்பல் இல்லை. எதுவும் வேண்டாம் என்று உள்ளூர விரும்பியிருந்தவருக்கு அந்த நிலை தானாகவே வாய்த்துவிட்டதே என்ற ஒரு நிம்மதிதான் தெரிகிறது.

மற்றொரு செய்தியும் உண்டு. துவாரகநாதர் ஒரு தரும சங்கத்திற்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக வாக்களித்திருந்தார். வாக்குதான்; எந்த நீதிமன்றமும் மகனை அதற்காக வற்புறுத்தியிருக்க முடியாது. கடனில் மூழ்கிய அந்நிலையிலும் தேவேந்திரநாதர் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, பின்னர் வட்டியோடு கொடுத்துத் தீர்த்தார். எல்லாக் கடன்களும் தீரப் பல ஆண்டுகள் ஆயின.

மூன்றாவது அறை

பெங்களூர்க் குடும்பத்திடம் திரும்புவோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை கண்முன்னே இருக்கிறது. மூன்று படுக்கையறை வீட்டை விற்று, கடனை முழுதும் அடைத்து, மிஞ்சுவதில் நகரின் சற்றுத் தள்ளிய பகுதியில் இரண்டு படுக்கையறை கொண்ட பழைய வீட்டைச் சிறு கடனோடு வாங்கலாம். அல்லது அந்நகரில் வழக்கமாக உள்ளபடி, ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து மாத வாடகை இல்லாமல் லீசுக்குச் சில ஆண்டுகள் இருக்கலாம். வீட்டு உரிமையாளரின் பத்திரங்கள் வேறெங்கும் ஈடாக இல்லையா என்று பார்த்துக்கொள்வது முக்கியம். விற்பதிலும் வாங்குவதிலும் தரகு, வரி, முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் என்று செலவு உண்டு. கர்நாடகத்தில் பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் இறுதியில் 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக உயர்ந்தது. அவற்றையெல்லாம் முதலிலேயே தாளில் எழுதிக் கழித்துப் பார்க்க வேண்டும். கழித்த பிறகும் மிச்சம் நிற்குமானால், தடை வேறெங்கோ இருக்கிறது என்று பொருள்.

“சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்?” “அலுவலகத்தில் எல்லோரும் வில்லாவுக்குப் போகும்போது நாம் பின்னால் போவதா?” “கிருஹப்பிரவேசத்திற்கு நூறு பேரை அழைத்தோமே!” தடை இவ்வளவுதான். வங்கிக்குத் தர வேண்டிய கடனை மனிதன் எப்படியோ கட்டிவிடுகிறான். தன்னைப் பற்றிப் பிறர் மனத்தில் தானே வரைந்து வைத்த சித்திரத்திற்குக் கட்டும் வட்டிதான் தீர்வதே இல்லை. சாத்திரம் இதை அபிமானம் என்கிறது. தேகாபிமானத்தைப் பற்றி எத்தனையோ சொற்பொழிவுகள் கேட்டாயிற்று. சதுர அடியில் அளக்கப்படும் அபிமானமும் ஒன்று உண்டு.

பெரிய வீடு வைத்திருப்பதே தவறு என்று கொள்ள வேண்டாம். வயதான பெற்றோரும் படிக்கும் குழந்தைகளும் உள்ள வீட்டில் ஓர் அறை கூடுதலாக இருப்பது அவசியமே. வீட்டை விற்க எல்லோரும் கிளம்ப வேண்டியதும் இல்லை. வட்டி இறங்கியிருக்கும் காலத்தில் பழைய தவணையையே குறைக்காமல் கட்டி, ஆண்டுக்கு ஒருமுறை கையில் வருவதையும் அசலில் சேர்த்தால் சிலருக்குக் கடன் விரைவில் கட்டுக்குள் வந்துவிடும். எது பொருந்தும் என்பது அவரவர் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் போடப்பட வேண்டும். கடன் எவ்வளவு என்பதை மனைவிக்கு முழுமையாகச் சொல்லாத கணவர்களும், நகை அடகில் இருப்பதைக் கணவருக்குச் சொல்லாத மனைவியரும் இருக்கிறார்கள். குழந்தைகளுக்கோ ஒன்றுமே தெரிவதில்லை. “கேட்டதெல்லாம் வாங்கித் தரும் அப்பா” என்ற பெயரைக் காப்பாற்ற அந்தத் தந்தை இரவில் விழித்துக் கிடக்கிறார். கல்கத்தாவில் 1848இல் கடன்காரர்கள் நிறைந்த அவையில் தேவேந்திரநாதர் உண்மையைச் சொன்னார். இங்கே சொல்ல வேண்டியதோ உணவு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் மூன்று பேரிடம். இதுவே கடினமாகத் தோன்றுவது விசித்திரம்தான்.

சொல்லிவிட்டால் என்ன நடக்கும்? பெரும்பாலும் அஞ்சியது நடப்பதில்லை. பதினேழு வயது மகள் தந்தை நினைத்ததைவிட நன்றாகக் கணக்கு அறிந்தவள். 765 ரூபாய் என்ற எண்ணைக் கண்டதும் அவளுக்குப் புரிந்துவிடும். மனைவி ஏற்கெனவே பாதியை ஊகித்திருப்பாள். மூன்றாவது அறையில் இருக்கும் தாயாரைப் பற்றித்தான் கணவருக்குப் பெரும் தயக்கம். அம்மாவுக்கென்று வாங்கிய அறை அது. அவர்களோ கிராமத்தில் ஒரே கூடத்தில் ஒன்பது பேரோடு வளர்ந்தவர்கள். மாமனார் காலத்துக் கடனுக்காகத் தாலியைத் தவிர மற்றதையெல்லாம் கழற்றிக் கொடுத்துவிட்டு, மறுநாளும் வழக்கம்போல் வாசலில் கோலம் போட்டவர்கள்.

கடன் முழுதும் தீர்ந்தால் 30 நாட்களுக்குள் வங்கி மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் இழப்பீடு தர வேண்டும். 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் விதி இது. வீடு கைமாறினால் பத்திரங்கள் வாங்குபவர் கைக்குப் போய்விடும். சிறிய வீட்டின் சாவி வரும். பூஜை அறை தனியாக இருக்காது. சமையலறை அலமாரியின் ஒரு தட்டில் சுவாமி படங்களை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். மகளும் பாட்டியும் ஒரே அறையில்.

இவ்வளவையும் கேட்டு முடித்தபின் அந்தத் தாயார் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: “அந்த வீட்டுப் பால்கனியில் துளசிக்குக் காலை வெயில் படுமா?”